தண்ணீரில் நட்ட எல்லைக்கல்

2024 மே 23, அதிகாலை மூன்று மணி. எஸ்தோனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஓடும் நார்வா ஆற்றில் ரஷ்ய எல்லைக் காவலர்கள் இறங்கினார்கள். அந்தப் பருவத்துக்காக எஸ்தோனியா அப்போதுதான் போட்டிருந்த 50 மிதவைகளில் 24-ஐக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. போனவை ஆற்றில் ஆடிக்கொண்டிருந்த சில மிதவைகள்தான். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்க முடியாது என்று கண்டித்தது. மிதவைகளை உடனே திருப்பித் தரவேண்டும் என்றது.

நார்வாவின் அடி ஒரே நிலையில் கிடப்பதில்லை. வெள்ளம் ஓரிடத்து மணலை அள்ளி இன்னோரிடத்தில் கொட்டும். படகு போகும் ஆழமான தடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால் ஆண்டுதோறும் வசந்தம் வந்ததும் மிதவைகளைப் புதிதாக இறக்கவேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு திட்டமிட்டது 250. அவற்றில் ஏறக்குறைய பாதியின் இடத்தை ரஷ்யா ஒப்புக்கொள்ளவில்லை. இவை எந்தப் படையையும் தடுத்து நிறுத்தப் போவதில்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு சிறு படகில் வருபவர் தெரியாமல் அடுத்த நாட்டுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டவை. அவருக்கு இருந்த ஒரே அடையாளத்தைத்தான் அன்று இரவு பறித்தார்கள்.

ஊரில் வரப்புத் தகராறு வந்தால் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டுவிட்டுப் போவார். கல் இருக்கும்வரை பேச்சு அடங்கியிருக்கும். நீரில் கல் நிற்காது. நின்றாலும் வெள்ளம் புரட்டும், பனிக்கட்டி தள்ளும், கப்பல் மோதும், வண்டல் மூடும். நீரில் எல்லை போட்ட வரலாறு முழுக்க இந்தத் தடையோடு நடந்த மல்லுக்கட்டுதான். வரைபடத்தில் கோடு இழுப்பது ஒரு வேலை. அந்தக் கோட்டைப் படகில் இருப்பவர் கண்ணுக்குக் காட்டுவது வேறு வேலை. முதல் வேலையில் காட்டிய அக்கறையை அரசுகள் இரண்டாவதில் காட்டியது அபூர்வம்.

தொடக்கத்தில் ஆற்றின் நடுவே எல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். இரு கரைக்கும் சம தூரத்தில் கோடு என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு அப்படி ஓடுவதில்லை. ஆழம் ஒரு கரையை ஒட்டியே இருந்தால், சரக்குப் படகு போகக்கூடிய ஒரே வழி முழுவதும் ஒரு நாட்டின் கைக்குப் போய்விடும். மற்ற நாட்டுக்கு மிஞ்சுவது முழங்கால் தண்ணீர். ரைன் ஆற்றுப் படகோட்டிகள் ஆழமான ஓடுதடத்தைத் ‘தால்வெக்’ என்று அழைத்தார்கள். பிரான்சுக்கும் ஜெர்மானியப் பேரரசுக்கும் இடையே 1801-ல் லூனெவீல் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அந்தத் தடத்தையே எல்லை ஆக்கியது. இரு நாட்டுப் படகுகளும் அதில் போகலாம், வரலாம். பிற்காலத்தில் உலகத்தின் பெரும்பாலான படகு ஓடும் ஆறுகளுக்கு இதுவே பொது வழக்கமானது.

அந்தத் தடத்தைக் கண்டுபிடித்த முறை மிகப் பழையது. கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி ஆற்றில் விடுவார்கள். குண்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பார்கள். குண்டு தரை தட்டியதும் கயிற்றில் போட்டிருக்கும் அடையாளத்தைப் பார்த்து ஆழத்தைக் குறிப்பார்கள். மேலே இழுத்தால் கொழுப்பில் ஒட்டியிருப்பது மணலா, சேறா, சிப்பியா என்று தெரியும். கரையிலிருந்து கரைக்கு இப்படி வரிசை வரிசையாக விட்டு எடுத்து, மிக ஆழமான புள்ளிகளை இணைத்தால் எல்லை கிடைத்துவிடும். அடுத்த பெருவெள்ளம் வரும்வரை அது செல்லும்.

ஸ்வீடனும் பின்லாந்தும் இதை உணர்ந்து நடந்துகொள்கின்றன. டோர்னியோ ஆற்றில் 1809-ல் வகுத்த எல்லையை 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு நாட்டாரும் சேர்ந்து மறுபடி அளந்து திருத்துகிறார்கள். நார்வேயும் ரஷ்யாவும் தங்கள் எல்லை ஆறுகளின் கரைகளில் கம்பங்களை நட்டிருக்கின்றன. இந்தக் கரையில் மஞ்சள் கம்பம், எதிர்க் கரையில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட கம்பம். இரண்டு கம்பமும் எல்லையில் இல்லை. எல்லை இரண்டுக்கும் நடுவில் ஓடும் தண்ணீரில் இருக்கிறது. கரையில் நின்று நீரைக் காட்டும் இந்த இரட்டைக் கம்ப முறைதான் இன்றும் பல நாடுகளில் ஆற்று எல்லைக்கு வழக்கம்.

ஆறு இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை ரியோ கிராண்டே அளவுக்கு வேறெந்த ஆறும் மனிதருக்குக் காட்டியதில்லை. 1848-ல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் அந்த ஆற்றின் நடுவை, ஆழமான தடத்தை ஒட்டி, எல்லையாக வகுத்தது. 1850-களில் அமெரிக்கத் தரப்பில் வில்லியம் எமரியும் மெக்சிகோ தரப்பில் ஹோசே சலசார் இலாரெகியும் அதை அளந்தார்கள். அதன்பின் எல் பாசோ நகருக்கும் எதிர்க்கரை ஊருக்கும் நடுவே ஆறு தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. 1864-ல் வந்த பெருவெள்ளம் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டது. மெக்சிகோவின் கரையில் இருந்த சமிசால் என்ற நிலம், நின்ற இடத்தில் நின்றபடியே ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கர்கள் அங்கே வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். மெக்சிகோ அது தன் மண் என்றது.

1884-ல் இரு நாடுகளும் ஒரு விதி எழுதின. ஆறு கரையை மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் பழைய தடத்தை விட்டுப் புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். அதே உடன்படிக்கையில் இன்னொரு பிரிவு இருக்கிறது. இந்த ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினால், ஆழமான தடத்துக்கு நேர் மேலே பாலத்தில் ஓர் அடையாளம் வைக்கவேண்டும். கீழே ஆறு எங்கே போனாலும் பாலத்தைப் பொறுத்தவரை அந்த அடையாளமே எல்லை. இன்று இந்த ஆற்றின் எல்லைப் பாலங்களில் நடுவே காணும் உலோகப் பலகைகளின் பூர்வீகம் இதுதான். நீரில் நட முடியாத கல்லை நீருக்கு மேலே, அசையாத ஒன்றில் பதித்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. படகோட்டிக்கு இதனால் பலனில்லை. பாலத்தில் நடப்பவருக்கு உண்டு.

சமிசால் வழக்கு 1911-ல் நடுவர் மன்றத்துக்குப் போனது. தலைமை வகித்தவர் கனடாவின் யூஜின் லாஃப்ளர். நிலத்தை 1864-க்கு முந்தைய தடத்தின்படி பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பழைய தடத்தை இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்று அமெரிக்கா தீர்ப்பை ஏற்க மறுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, கென்னடி காலத்தில், 1963-ல்தான் உடன்பாடு வந்தது. அதன்படி எல் பாசோவில் 5,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். ஆற்றையே பிடித்து, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிமென்ட் கால்வாயில் அடைத்தார்கள். செலவு ஆளுக்குப் பாதி. அந்தக் கால்வாயின் நடுதான் இப்போது எல்லை. ஆற்றுக்கு ஏற்ப எல்லையை மாற்றிப் பார்த்துச் சலித்து, எல்லைக்கு ஏற்ப ஆற்றை வார்த்துவிட்டார்கள்.

அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1953-ல் ஃபால்கன் அணை திறக்கப்பட்டது. ஆறு ஏரியானது, மெக்சிகோவின் குவெரேரோ என்ற பழைய ஊர் நீரில் மூழ்கியது. எல்லை பழைய ஆற்றை ஒட்டியே இருக்கிறது, ஆனால் பழைய ஆறு ஏரியின் அடியில் எங்கோ கிடக்கிறது. மேலே பார்த்தால் கரையும் தெரியாது, தடமும் தெரியாது. அங்கே இரு நாடுகளும் செய்த காரியம் எல்லோரும் அறியவேண்டியது: எல்லையை ஒட்டி ஏரிக்குள் 14 கான்கிரீட் கோபுரங்களை எழுப்பின. மீன்பிடிக்க வருபவர் ஒரு கோபுரத்தையும் அடுத்ததையும் கண்ணால் இணைத்துக்கொண்டால் போதும், தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஆற்றின் மேல்பகுதியில் உள்ள அமிஸ்டாட் அணை 1969-ல் திறக்கப்பட்டது. அந்த ஏரியில் பழைய ஆற்றின் வழியே மிதவைகளைப் போட்டார்கள்.

மிதவை என்றால் போட்ட இடத்தில் அப்படியே நிற்கும் என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. அடியில் கான்கிரீட் பாளம். அதிலிருந்து மேலே வரும் சங்கிலி ஆழத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அலை ஏறும்போது பாளம் பெயர்ந்துவிடும், அல்லது சங்கிலி அறுந்துவிடும். சங்கிலி நீளமாக இருப்பதால் காற்றும் ஓட்டமும் தள்ளும் பக்கமெல்லாம் மிதவை சுற்றி வரும். 12 மீட்டர் ஆழத்தில் 36 மீட்டர் சங்கிலி போட்டால், அந்த மிதவை தன் புள்ளியிலிருந்து எந்தத் திசையிலும் முப்பது மீட்டருக்கு மேல் விலகி நிற்கலாம். நீதிமன்றத்தில் எல்லையை நிரூபிக்க இது உதவாது. படகை எங்கே திருப்புவது என்று முடிவுசெய்ய இந்தத் துல்லியம் தாராளம்.

துல்லியம் போதாமல் வரும் விபரீதத்துக்கும் ரியோ கிராண்டே சாட்சி. 2023 ஜூலையில் டெக்சாஸ் மாநிலம் ஈகிள் பாஸ் நகரருகே, குடியேறிகளைத் தடுக்க ஆற்றில் ஆரஞ்சு நிற மிதவைச் சரம் ஒன்றைப் போட்டது. 995 அடி நீளம். இரு நாட்டு எல்லை ஆணையம் அளந்து பார்த்தபோது அதில் 787 அடி மெக்சிகோவின் நீரில் கிடந்தது. பிறகு இழுத்து அமெரிக்கப் பக்கம் வைத்தார்கள். படகு, கருவி, அதிகாரி எல்லாம் கையில் உள்ள ஒரு மாநில அரசுக்கே எல்லை எங்கே என்று தெரியவில்லையென்றால், இரவில் வலையிழுப்பவருக்கு எப்படித் தெரியும்?

கடலில் கல் நட்ட இடமும் உண்டு. ஸ்வீடனுக்கும் பின்லாந்தின் ஓலந்துத் தீவுகளுக்கும் நடுவே மார்கெட் என்று ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. நீளம் சுமார் 350 மீட்டர். 1809-ல் ஸ்வீடன் பின்லாந்தை ரஷ்யாவுக்கு இழந்தபோது எல்லை இந்தப் பாறையின் நடுவே போனது. 1885-ல் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பின்லாந்து அங்கே கலங்கரை விளக்கம் கட்டியது. கட்ட ஏற்ற உயரமான இடம் ஸ்வீடன் பாதியில் இருந்ததால் விளக்கம் அடுத்த நாட்டில் எழுந்துவிட்டது. நூறு ஆண்டு யாரும் சண்டை போடவில்லை. 1985-ல் இரு நாடுகளும் உட்கார்ந்து எல்லையைத் திருத்தின. விளக்கம் பின்லாந்துக்கு வந்தது. அதற்கு ஈடான பாறை ஸ்வீடனுக்குப் போனது. கோடு பாறையின் இரு ஓரத்தையும் தொடும் இடங்களை மட்டும் அசைக்கவில்லை. அசைத்தால் சுற்றியுள்ள கடலில் மீன்பிடி உரிமை மாறிவிடும். அதனால் எல்லை பாறைமேல் நெளிந்து வளைந்து போய், பழைய இடத்திலேயே கடலில் இறங்குகிறது. அதைக் குறிக்கத் தூண் எழுப்பவில்லை. குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளம் எந்தத் தூணையும் வழித்துக்கொண்டு போய்விடும். பாறையில் துளைபோட்டு அடையாளமிட்டார்கள். நீட்டி நிற்பது எதுவுமில்லாததால் பனிக்கட்டிக்குப் பிடித்துத் தள்ள எதுவும் கிடைக்காது.

மீன்பிடி உரிமைக்காக ஒரு கோட்டையே நெளியவிட்டார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எல்லைக்கும் வலைக்கும் உள்ள உறவை மதித்து வரைந்த கோடுகள் உலகில் மிகக் குறைவு.

அமெரிக்காவும் கனடாவும் வேறு வழியில் போயின. 1783-ல் பாரிசில் எழுதிய உடன்படிக்கை பேரேரிகளின் நடுவே எல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. அந்த ஏரி, ஆறுகளில் ஆயிரக்கணக்கான தீவுகள், எது யாருடையது? 1814 உடன்படிக்கைக்குப் பிறகு அமைந்த ஆணையத்தில் அமெரிக்கர் பீட்டர் போர்ட்டரும் பிரிட்டன் தரப்பினரும் ஆண்டுக்கணக்காகப் படகில் அலைந்து அளந்தார்கள். பிரிட்டன் ஆணையர் ஜான் ஒகில்வி 1819-ல் வேலையின் நடுவே காய்ச்சலில் இறந்துபோனார். எந்தத் தீவையும் இரண்டாக வெட்டுவதில்லை என்று முடிவெடுத்து, 1822-ல் கோட்டைப் போட்டு முடித்தார்கள். 1908-ல் வந்த புது உடன்படிக்கை ஒரு படி மேலே போனது. அட்லாண்டிக் ஓரத்துப் பாசமகுவாடி விரிகுடாவில் எல்லையைச் சொல்லில் விவரித்தால் மட்டும் போதாது, மிதவைகளாலும் நீருக்குள் தூண்களாலும் கரையில் நிரந்தர நேர்க்குறிகளாலும் காட்டவேண்டும் என்றது.

கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு கம்பங்கள். படகிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால் நீங்கள் கோட்டின்மேல் இருக்கிறீர்கள். பின்கம்பம் இடப்பக்கம் விலகினால் ஒரு நாடு, வலப்பக்கம் விலகினால் இன்னொரு நாடு. நேர்க்குறி என்பது இவ்வளவுதான். நீரில் ஒன்றும் நடாமலே நீரில் கோடு போடும் வழி இது. குமரிக் கடற்கரை மீனவருக்கு இந்த வித்தையைப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. கரையில் தெரியும் மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் நேராகப் பிடித்து, கடலடியில் பார் என்னும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தில் தூண்டில் இறக்குவது தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவரும் வேலை.

கோடே போடாமல் விட்ட நீரும் இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் சூழ்ந்த கொன்ஸ்டான்ஸ் ஏரியின் பெரும்பகுதியில் எல்லை எங்கே என்பதில் மூவருக்கும் இன்றுவரை உடன்பாடில்லை. நடுவில் கோடு என்கிறது சுவிட்சர்லாந்து. எல்லோருக்கும் பொது என்பது ஆஸ்திரியாவின் நிலை. மீன்பிடியையும் படகுப் போக்குவரத்தையும் தனித்தனி ஒப்பந்தங்களால் நடத்திக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் பிடித்துச் சிறையில் போடுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லும் மிதவையும் பின்னுக்குப் போய் எண்கள் முன்னால் வந்தன. ஜொகூர் நீரிணையில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். 1927-ல் பிரிட்டிஷ் அரசும் ஜொகூர் சுல்தானும் செய்த ஒப்பந்தம் ஆழமான ஓடுதடத்தின் நடுவை எல்லை என்றது. மண் நிரப்பிக் கரையை நீட்டுவதும், தூர்வாருவதுமாக நீரிணை மாறிக்கொண்டே வந்தது. 1995-ல் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர் பாலத்துக்கு மேற்கே 25, கிழக்கே 47 என 72 புள்ளிகளை எண்களில் எழுதி முடிவு கட்டின. இனி ஆழம் எங்கே நகர்ந்தாலும் எல்லை நகராது. பாலத்தைத் தினம் கடக்கும் தமிழ்த் தொழிலாளர் உட்பட லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் கீழே இப்படி ஒரு புள்ளிவரிசை கிடப்பதை அறியமாட்டார்கள்.

எண்ணாக மாறாத நீர் எல்லைகளில் தகராறு ஓயவில்லை. கட்ச் சதுப்பில் 96 கிலோமீட்டர் நீளமுள்ள சர் கழிமுகம் எங்கே பிரிகிறது என்பதில் இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1914-ல் பம்பாய் அரசு போட்ட தீர்மானத்தின் வரைபடத்தில் பச்சைக் கோடு கிழக்குக் கரையில் ஓடுகிறது, அதுவே எல்லை என்கிறது பாகிஸ்தான். 1925 வரைபடத்தையும், அதையொட்டி நடுத்தடத்தில் நட்ட கம்பங்களையும் காட்டுகிறது இந்தியா. வங்காள விரிகுடாவில் கதை இன்னும் சோகமானது. 1970 பெரும்புயலுக்குப் பின் ஹரியாபங்கா ஆற்றின் வாயில் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது. இந்தியா அதை நியூ மூர் என்றது, வங்கதேசம் தென் தால்பட்டி என்றது. 1981-ல் இந்தியக் கப்பல் போய் அங்கே கொடி ஏற்றியது. 2010 வாக்கில் திட்டே கடலுக்குள் போய்விட்டது. 2014 ஜூலை 7-ல் நடுவர் மன்றம் எல்லையை எண்களாக எழுதிக் கொடுத்தபோது, தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது.

இனி பாக் விரிகுடா.

அங்கே முதல் கோடு மீனுக்காகவும் சங்குக்காகவும் போட்டது. 1921 அக்டோபரில் சென்னை மாகாண அதிகாரிகளும் ஹார்ஸ்பர்க் தலைமையிலான இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் கூடி, மீன்பிடி எல்லை ஒன்றை வகுத்தார்கள். அது கச்சத்தீவுக்கு மேற்கே மூன்று மைலில் ஓடியது. லண்டன் அதற்கு முறையான ஒப்புதல் தரவில்லை. 1974 ஜூன் 26-ல் கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 28-ல் டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆறு புள்ளிகளைத் தந்தது. முதல் புள்ளி வடக்கே 10 பாகை 5 கலை, கிழக்கே 80 பாகை 3 கலை. ஆறாவது ஆதாம் பாலத்தருகே, 9 பாகை 6 கலை, 79 பாகை 32 கலை. இவற்றைப் பூமியின் வளைவை ஒட்டிய கோடுகளால் இணைத்தால் சுமார் 85 கடல் மைல். கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் அளவில் போகிறது. 1976-ல் இரண்டாவது ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் இதை நீட்டியது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதம், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்றது.

1974 ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு அதிகம் பேசப்படாதது. அந்தப் புள்ளிகள் கடலிலும் கடலடியிலும் உண்மையில் எங்கே விழுகின்றன என்பதை, இரு அரசுகளின் சர்வேயர்களும் ஒப்புக்கொள்ளும் முறையில் தீர்மானிக்கவேண்டும் என்கிறது அது. காகிதத்தில் எழுதிய எண் கடலில் ஓர் இடமாக மாறுவதற்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. எந்த அளவை அடித்தளத்தில் அந்த எண்ணைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே புள்ளி நூறு மீட்டருக்கு மேலும் நகரக்கூடும். பழைய இந்தியச் சர்வே அடித்தளம் வேறு, இன்றைய ஜிபிஎஸ் அடித்தளம் வேறு.

ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு பன்னிரண்டு பதின்மூன்று கடல் மைல். தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு. அதற்குள் விசைப்படகு வலை விடக் கூடாது. மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே எஞ்சுவது ஒன்பது கடல் மைல். தனுஷ்கோடிப் பக்கம் போனால் அதுவும் இல்லை. இழுவலை போட்ட படகு மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல் வேகத்தில், இரண்டு மூன்று மணி நேரம் மடியை இழுக்கும். நேராக ஓட்டினால் ஒரே இழுப்பில் மொத்த அகலமும் தீர்ந்துவிடக்கூடும். எஞ்சின் நின்றுபோனாலோ, மீனவர் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் ஒரு பக்கமாக இழுத்தாலோ, கேட்கவே வேண்டாம். கோடு இருக்கும் இடத்தில் நீரின் நிறம் மாறுவதில்லை. அடியில் அதே சேறு, அதே இறால்.

எல்லாப் படகும் தெரியாமல் போவதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பெரும்பாலான விசைப்படகின் ஓட்டறையில் ஜிபிஎஸ் இருக்கிறது. திரையில் கோடும் இருக்கிறது. இந்தப் பக்கம் இழுவலை அரித்துத் தீர்த்த கடலில் வரும்படி இல்லாததால் தெரிந்தே தாண்டுகிறவர்கள் உண்டு. அதற்கு விலை கொடுப்பவர்கள் மறுகரைத் தமிழ் மீனவர்கள். இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் சரிவரக் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, 2009-க்குப் பிறகு கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் சேர்த்தவர்களின் வலைகளை இழுவலைகள் கிழித்துக்கொண்டு போயின. இலங்கை 2017-ல் இழுவலையைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. யாழ்ப்பாணத்து மீனவருக்கும் கோடு கண்ணுக்குத் தெரிந்தாகவேண்டும். தாண்டியது யார், எவ்வளவு தூரம் என்று வாதாட அவருக்கும் அது தேவை.

ஆண்டுக்கு இரண்டு நாள் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து பக்தர் படகுகள் புறப்படும்போது இந்தியக் கடலோரக் காவல்படை கூடவே வந்து எல்லையில் நின்றுகொள்ளும். அங்கிருந்து இலங்கைக் கடற்படை அழைத்துச் செல்லும். இரு நாட்டுக் கப்பல்களும் எதிரெதிரே நிற்கும் இடம் எல்லை. திருவிழா முடிந்ததும் அவை கலைந்துவிடும்.

2024-ல் இந்திய அரசு ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு செயற்கைக்கோள் கருவி தரும் திட்டத்தைத் தொடங்கியது. படகு எல்லையை நெருங்கினால் அது எச்சரிக்கும். உள்ளூர் மொழியில் செய்தி அனுப்பவும் வாங்கவும் முடியும். நல்ல திட்டம்தான். ஆனால் அந்தக் கருவி காட்டும் கோடு ஒரு நாட்டின் கணக்கு. மறுபக்க ரோந்துக் கப்பல் தன் திரையில் வேறொரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், மீனவரின் கருவி அவருக்குச் சாட்சி சொல்லாது. இருவருக்கும் பொதுவாகக் கடலில் நிற்கும் ஓர் அடையாளம் சொல்லும்.

பாக் விரிகுடா ஆழமான கடல் அல்ல; பெரும்பகுதி பதின்மூன்று, பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். விளக்கு மிதவை நிற்க இது தாராளமான இடம். வடகிழக்குப் பருவமழையில் சில அறுந்துபோகும், சிலவற்றில் வலை சிக்கும், ஆண்டுதோறும் படகு கொண்டுபோய்ச் சரிபார்க்கவேண்டும். இந்தச் செலவையும் தொல்லையையும் அமிஸ்டாட் ஏரியில் பொழுதுபோக்குக்காக மீன்பிடிப்பவருக்காக இரு நாடுகள் ஏற்றுக்கொண்டன. இங்கே கேட்பது பிழைப்புக்காகப் போகிறவர். தொடங்குவதற்கு ஆறு மிதவை போதும், ஒப்பந்தத்தில் உள்ள புள்ளிக்கு ஒன்று. பிறகு கச்சத்தீவுக்கு மேற்கே இரண்டு மூன்று கூடுதலாக. புதிதாக ஒப்பந்தம் எதுவும் எழுதவேண்டியதில்லை. இரு நாட்டுச் சர்வேயர்களும் ஒரே படகில் போய் அந்தப் புள்ளிகளைக் கடலில் கண்டு குறிக்க மூன்றாம் பிரிவு 1974-லிருந்தே இடம் தந்திருக்கிறது.